லேபிள்ல இருக்கற கொழுப்பை படிக்கறது எப்படி: பாமிட்டிக், ஸ்டியரிக், ஓலிக் எல்லாம் சேத்து

பாக்கெட்டை திருப்பி பாத்தா சாச்சுரேட்டட் ஃபேட்னு ஒரே ஒரு வரி இருக்கும். நம்பர் கம்மியா இருந்தா வாங்கறது, ஜாஸ்தியா இருந்தா திருப்பி வெச்சுடறது, முக்காவாசி பேர் அவ்ளோதான் பண்றாங்க. ஒண்ணுமே பாக்காம வாங்கறதுக்கு இது எவ்வளவோ தேவலை. ஆனா அந்த ஒரு வரிக்குள்ள லாரிக், மிரிஸ்டிக், பாமிட்டிக், ஸ்டியரிக்னு உடம்புக்குள்ள போனதும் வேற வேற மாதிரி நடந்துக்கற நாலு ஆசிட் ஒண்ணா கலந்து கிடக்கு, இதுல பாமாயில்ல நிறைய இருக்கற பாமிட்டிக் பேர் மட்டும் ரொம்ப கெட்டுப் போச்சு, ஆனா அதே பாமிட்டிக்கை நம்ம கல்லீரல் தானே செஞ்சுக்குது, தாய்ப்பால் கொழுப்புலயும் கிட்டத்தட்ட கால்வாசி அதுதான். அதனால பேரை பாத்து பயப்படறதை விட்டுட்டு எப்படி கணக்கு போட்டு பாக்கறதுனு சொல்றேன், கொஞ்சம் கெமிஸ்ட்ரி வரும், ஸ்கூல் லெவல்தான்.

முதல்ல ரெண்டு நம்பர் படிக்க கத்துக்கோங்க. ஃபேட்டி ஆசிட்னா ஒரு நீளமான கார்பன் சங்கிலி, ஒரு முனையில ஆசிட் குரூப், அவ்ளோதான். இதை 16:0, 18:1 இப்படி எழுதுவாங்க. முதல் நம்பர் மொத்தம் எத்தனை கார்பன், ரெண்டாவது எத்தனை டபுள் பாண்ட், அதாவது ரெண்டு கார்பனுக்கு நடுவுல இருக்கற இரட்டைப் பிணைப்பு. 16:0 பாமிட்டிக், 18:0 ஸ்டியரிக், 12:0 லாரிக், 14:0 மிரிஸ்டிக். ரெண்டாவது நம்பர் பூஜ்யமா இருந்தா சாச்சுரேட்டட், 1 இருந்தா மோனோ, அதுக்கு மேல இருந்தா பாலி. 18:1 ஓலிக், 18:2 லினோலிக், 18:3 ஆல்ஃபா லினோலெனிக். ஒமேகா 3, ஒமேகா 6னு சொல்றது ஆசிட் இல்லாத அந்தப்பக்க முனையில இருந்து எண்ணினா முதல் டபுள் பாண்ட் எத்தனாவது கார்பன்ல வருதுங்கறதுதான், வேற ஒரு மர்மமும் அதுல இல்ல.

இந்த ரெண்டு நம்பரை வெச்சே எண்ணெய் கெட்டியா இருக்குமா தண்ணியா இருக்குமானு சொல்லிடலாம். பாமிட்டிக் சுமார் 63 டிகிரி செல்சியஸ்ல உருகும், ஸ்டியரிக் 69ல. அதே 18 கார்பன்ல ஒரு டபுள் பாண்ட் போட்டு ஓலிக் ஆக்கினா சுமார் 13 டிகிரிக்கு இறங்கிடும், ரெண்டு போட்டா மைனஸ் 5, மூணு போட்டா மைனஸ் 11 கிட்ட. காரணம் சிம்பிள், நேரான விறகை அடுக்கினா நெருக்கமா உக்காரும், நடுவுல வளைஞ்ச விறகை அடுக்கினா சந்து விடும், டபுள் பாண்ட் இருக்கற இடத்துல சங்கிலி மடங்கறதால நெருக்கமா அடுக்க முடியாம லேசான சூட்டுலயே இளகிடுது. டிரான்ஸ் ஃபேட்ல மட்டும் டபுள் பாண்ட் இருந்தும் சங்கிலி மடங்காம ஏறக்குறைய நேராவே நிக்கும், அதனால ஓலிக்கோட டிரான்ஸ் வடிவமான எலைடிக் 44 டிகிரி வரைக்கும் கெட்டியாவே இருக்கும். ஒரே ஃபார்முலா, ஒரே அணு எண்ணிக்கை, 30 டிகிரி வித்தியாசம்.

நம்பிக்கை இல்லனா வீட்டுலயே பாருங்க. நாலு சின்ன கண்ணாடி டம்ளர் எடுத்து ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் வேற வேற எண்ணெய் ஊத்தி ஃபிரிட்ஜ்ல ராத்திரி முழுக்க வெச்சுடுங்க. தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியிலேயே உறைஞ்சுடும்ங்கறதால காலையில கல்லு மாதிரி இருக்கும், ஸ்பூன் இறங்காது. பாமாயில் வெண்ணெய் பதத்துக்கு வந்திருக்கும். ஆலிவ் எண்ணெய் கலங்கலா, சில சமயம் அடியில வெள்ளை வெள்ளையா துகள் மாதிரி விட்டிருக்கும். சூரியகாந்தி எண்ணெய் பெரும்பாலும் முந்தின நாள் எப்படி இருந்துச்சோ அப்படியே தெளிவா ஓடும். வெளிய எடுத்து வெச்சுட்டு எது முதல்ல இளகுதுனு பாத்துக்கிட்டே இருங்க, குழந்தைங்க வீட்டுல இருந்தா கூப்பிட்டு காட்டுங்க. ஆனா ஒரு விஷயம், ஃபிரிட்ஜ்ல உறைஞ்சா சுத்தமான ஆலிவ் எண்ணெய், உறையலனா கலப்படம்னு ஒரு டெஸ்ட் சுத்திக்கிட்டு இருக்கு, அதை நம்பாதீங்க. எந்த ரக ஆலிவ், அதுல மெழுகு எவ்வளவு இருக்கு, கம்பெனி முன்னாடியே குளிர வெச்சு வடிகட்டிட்டாங்களா, இதெல்லாம் பொறுத்து மாறும்.

அடுத்து பாமிட்டிக் உடம்புக்குள்ள என்ன வேலை பாக்குதுனு தெரிஞ்சுக்கணும், இது தெரியாம லேபிள் படிச்சா பாதி புரியாது. நீங்க தேவைக்கு மேல சர்க்கரை, மாவு சாப்பிட்டா கல்லீரல் அதை அசிடைல் கோஏங்கற ரெண்டு கார்பன் துண்டா ஆக்கும், ஃபேட்டி ஆசிட் சிந்தேஸ்னு ஒரு பெரிய என்சைம் இருக்கு, அது ரெண்டு ரெண்டு கார்பனா ஒட்டிக்கிட்டே போகும், ஏழு சுத்து சுத்தி 16 கார்பன் வந்ததும் அறுத்து விட்டுடும். அறுத்து விழறது பாமிட்டிக்தான். அதுக்கப்புறம்தான் வேற என்சைமுங்க அதை பிடிச்சு நீட்டி ஸ்டியரிக் ஆக்கும், டபுள் பாண்ட் போட்டு ஓலிக் ஆக்கும். அதாவது உடம்பு சொந்தமா செய்யற கொழுப்புக்கெல்லாம் ஆரம்பப் புள்ளியே பாமிட்டிக். ஒரு துளி பாமாயில் தொடாம, கொழுப்பே இல்லாத சாப்பாடுனு ஜூஸும் ரொட்டியுமா தின்னுக்கிட்டு இருக்கறவர் ரத்தத்துல பாமிட்டிக் ஏறி நிக்கறதுக்கு காரணம் இதுதான்.

ஆனா மனுஷ என்சைமுக்கு ஒரு எல்லை இருக்கு. ஆசிட் பக்கத்துல இருந்து எண்ணினா ஒன்பதாவது கார்பனைத் தாண்டி அதால டபுள் பாண்ட் போட முடியாது. லினோலிக்குக்கும் ஆல்ஃபா லினோலெனிக்குக்கும் அதைத் தாண்டிதான் டபுள் பாண்ட் வேணும், அதனால அந்த ரெண்டையும் சாப்பாட்டுலதான் வாங்கியாகணும். 1929ல ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர்னு ஒரு தம்பதி எலிகளுக்கு கொழுப்பே இல்லாத தீனி போட்டு பாத்தாங்க, வளர்ச்சி நின்னு போச்சு, வால் செதில் செதிலா உரிய ஆரம்பிச்சுது, அப்பதான் கொழுப்புன்னா வெறும் கலோரி மட்டும் இல்ல, சிலது கட்டாயம் வேணும்னு புரிஞ்சுது. பாமிட்டிக் அந்த லிஸ்ட்ல இல்ல. சாப்பிட்டே ஆகணும்னு இல்ல, உடம்பு பாத்துக்கும்.

சரி, உடம்பு ஏன் மெனக்கெட்டு செய்யுது? எரிபொருள் ஒரு காரணம், ஒரு பாமிட்டிக் மூலக்கூறை முழுசா எரிச்சா செலவு போக 106 ஏடிபி (செல் செலவு பண்ற எனர்ஜி காசு) கிடைக்கும், குளுக்கோஸ்ல 30, 32தான். அது எல்லா கொழுப்புக்கும் பொதுவான கதை. எனக்கு பிடிச்சது நுரையீரல் கதை. நுரையீரல்ல இருக்கற குட்டி குட்டி காத்துப்பைங்க ஒவ்வொரு மூச்சு விடும்போதும் சுருங்கி ஒட்டிக்காம இருக்க உள்பக்கம் ஒரு வழுவழுப்பான படலம் வேணும், சர்ஃபாக்டன்ட்னு சொல்வாங்க, அதுல பிரதான சரக்கு ரெண்டு பாமிட்டிக் வால் வெச்ச ஒரு பாஸ்போலிபிட், அதாவது பாஸ்பேட் தலை உள்ள கொழுப்பு. ரெண்டு வாலும் நேரா இருக்கறதாலதான் அமுக்கும்போது இறுக்கமா அடுக்கி காத்துப்பையை தாங்குது, அங்க போய் மடங்கின ஓலிக் வாலை வெச்சா அந்த இறுக்கம் வராது. குறைமாசத்துல பிறக்கற குழந்தைங்க மூச்சுக்கு திணறறதுக்கு முக்கியமான காரணம் இந்த படலம் இன்னும் போதுமான அளவு ஊறலங்கறதுதான், மாட்டு நுரையீரல்லயோ பன்றி நுரையீரல்லயோ இருந்து எடுத்த சர்ஃபாக்டன்டை டாக்டருங்க மூச்சுக்குழாய் வழியா நேரா விட்டு காப்பாத்தறாங்க. இது போக செல்லுக்குள்ள சில புரோட்டீனுங்களை மெம்பிரேன்ல ஒட்ட வைக்க பாமிட்டிக்கை கொக்கியா மாட்டுவாங்க, வேணாம்னா கழட்டிடலாம். தோல் தண்ணியை விடாம பிடிச்சு வைக்கற செராமைடு தயாரிப்பும் பாமிட்டிக்ல இருந்துதான் ஆரம்பிக்குது.

அப்ப எது பிரச்சனை? அளவும், கூட யார் இருக்காங்கங்கறதும். லேப்ல தட்டுல செல் வளர்த்து அதுல பாமிட்டிக்கை மட்டும் நிறைய ஊத்தினா செல் ஸ்ட்ரெஸ் ஆகி செத்துடும், இதை வெச்சு பாமிட்டிக் செல்லை கொல்லும்னு தலைப்பு போட்டுடுவாங்க. அதே தட்டுல கூடவே கொஞ்சம் ஓலிக் சேத்தா செல் பெரும்பாலும் பிழைச்சுக்கும், ஏன்னா ஓலிக் இருந்தா பாமிட்டிக்கை டிரைகிளிசரைடா (மூணு ஃபேட்டி ஆசிட் சேந்த சேமிப்புக் கொழுப்பு) கட்டி கொழுப்புத் துளியில பத்திரமா வெச்சுடும். நாம சாப்பிடற எந்த உணவுலயும் பாமிட்டிக் தனியா வராது, பாமாயில்லயே சுமார் 44 சதவீதம் பாமிட்டிக்னா 40 சதவீதம் ஓலிக். 2021ல எலிகள்ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, பாமிட்டிக் ஜாஸ்தி உள்ள தீனி போட்டா வாய் புற்றுநோய் செல் பரவற குணம் கூடுது, ஓலிக், லினோலிக்குக்கு அப்படி ஆகலனு. முக்கியமான ஆராய்ச்சிதான், ஆனா எலிக்கு ஏற்கனவே இருந்த கட்டி எப்படி பரவுதுங்கற கேள்வி அது, பிஸ்கட் தின்னா கேன்சர் வரும்னு அதுல எங்கயும் இல்ல. இப்படி நியூஸ் வந்தா மூணு விஷயம் தேடுங்க: தட்டா, எலியா, மனுஷனா, எவ்வளவு டோஸ், எதோட ஒப்பிட்டாங்க. மூணும் இல்லாத நியூஸை மூடிட்டு போயிடலாம்.

மனுஷங்கள்ல உறுதியா தெரிஞ்சது கொலஸ்ட்ரால் விஷயம். லாரிக், மிரிஸ்டிக், பாமிட்டிக் மூணும் எல்டிஎல்லை (கெட்ட கொலஸ்ட்ரால்னு சொல்றது) ஏத்தும், லாரிக் கூடவே எச்டிஎல்லையும் (நல்ல கொலஸ்ட்ரால்னு சொல்றது) ஏத்தும், ஸ்டியரிக் பெருசா எதையும் அசைக்காது. அடுத்த கேள்விதான் ரொம்ப முக்கியம், அதை எடுத்துட்டு அந்த இடத்துல என்ன வெச்சீங்க? பாலி அன்சாச்சுரேட்டட் எண்ணெய் வெச்சா எல்டிஎல் இறங்கும், இதய நோய் ரிஸ்க்கும் குறையும். வெள்ளை மாவும் சர்க்கரையும் வெச்சா பெருசா லாபம் ஒண்ணும் இல்ல, கல்லீரல் அதுலயே பாமிட்டிக் செஞ்சுக்கும்னு மேல பாத்தோம்ல. லோ ஃபேட்னு போட்டிருக்கற பாக்கெட்டை எடுத்தா கொழுப்பு வரியை விட்டுட்டு நேரா சர்க்கரை வரிக்கு போங்க.

இப்ப லேபிளுக்கு வருவோம். ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட்ல 100 கிராமுக்கு மொத்த கொழுப்பு 22 கிராம், சாச்சுரேட்டட் 10.7, மோனோ 8.2, பாலி 2.1, டிரான்ஸ் 0னு இருக்குனு வெச்சுக்கோங்க, நான் சும்மா போட்ட நம்பர்தான். கூட்டினா 21 வரும், மிச்சம் 1 கிராம் எங்கனு குழம்ப வேணாம், ஃபேட்டி ஆசிடுங்களை கட்டி வெச்சிருக்கற கிளிசரால் மொத்தத்துல சேரும், தனித்தனி வரியில சேராது. இப்ப சாச்சுரேட்டடை மொத்தத்தால வகுங்க, 10.7 பை 22, கிட்டத்தட்ட 49 சதவீதம். மோனோ 37, பாலி சுமார் 10. பாதி சாச்சுரேட்டட், மூணுல ஒரு பங்குக்கு மேல மோனோ, பத்துல ஒண்ணு பாலி, இந்த விகிதம் வந்தா அது பாமாயில்தான்னு முக்காவாசி சொல்லிடலாம், மேல வெறும் வெஜிடபிள் ஃபேட்னு மட்டும் எழுதியிருந்தாலும் சரி. மோனோவும் பாலியும் ஒட்டுமொத்தமா இருபது சதவீதத்துக்குள்ள இருந்து மீதியெல்லாம் சாச்சுரேட்டட்னா தேங்காய் எண்ணெய், இல்ல பாம் கெர்னல், ரெண்டும் லாரிக் கோஷ்டி. இங்க கவனம், பாமாயில் பழத்தோட சதையில இருந்து வர்றது, பாம் கெர்னல் அதே பழத்தோட கொட்டைப் பருப்புல இருந்து வர்றது, ஒரே மரம்தான் ஆனா கெமிஸ்ட்ரி வேற. சாச்சுரேட்டட் 60, மோனோ 30 பக்கம், பாலி ரொம்ப கம்மினா வெண்ணெய் இல்லனா கோகோ பட்டர், இந்த ரெண்டையும் விகிதத்தை வெச்சு பிரிக்கறது கஷ்டம், கொலஸ்ட்ரால் வரி இருந்தா பாருங்க, வெண்ணெய்ல இருக்கும் கோகோல இருக்காது. கோகோ பட்டரோட சாச்சுரேட்டட்ல பாதிக்கு மேல ஸ்டியரிக், அதனால டார்க் சாக்லேட் லேபிள்ல தெரியற அளவுக்கு கொலஸ்ட்ராலை ஏத்தாது. அதுக்குன்னு ஒரு பார் முழுசா தின்னுடாதீங்க, கிராமுக்கு 9 கலோரி எல்லா கொழுப்புக்கும் ஒண்ணுதான்.

இன்னொரு கணக்கு அளவு. உலக சுகாதார நிறுவனம் சாச்சுரேட்டட் மொத்த கலோரியில 10 சதவீதத்துக்குள்ளயும் டிரான்ஸ் 1 சதவீதத்துக்குள்ளயும் இருக்கட்டும்னு சொல்லுது. 2000 கலோரி சாப்பிடறவருக்கு 10 சதவீதம் 200 கலோரி, ஒன்பதால வகுத்தா 22 கிராம். மேல சொன்ன பிஸ்கட்ல 50 கிராம் தின்னா 5.3 கிராம், ஒரு நாள் ஒதுக்கீட்டுல கால்வாசி டீயோட போச்சு. லேபிள்ல சர்விங் 15 கிராம்னு போட்டு நம்பரை சின்னதா காட்டுவாங்க, எப்பவும் 100 கிராமுக்கு மாத்தி பாத்துட்டு அப்புறம் நீங்க நிஜமா திங்கற அளவுக்கு பெருக்குங்க. டிரான்ஸ் 0னு போட்டிருந்தா கூட இன்கிரிடியன்ட்ஸ்ல பார்ஷியலி ஹைட்ரஜனேட்டட்னு இருக்கானு தேடுங்க, சில நாட்டு விதியில ஒரு சர்விங்குக்கு அரை கிராமுக்கு கீழ இருந்தா 0னு போட்டுக்கலாம்.

பாமாயில் ஏன் எங்க பாத்தாலும் இருக்குங்கறதுக்கும் பதில் இங்கதான். பேக்கரிக்கு ரூம் சூட்டுல கெட்டியா நிக்கற கொழுப்பு வேணும். 1902ல வில்ஹெம் நார்மன் திரவ எண்ணெய்ல ஹைட்ரஜன் ஏத்தி கெட்டியாக்கற முறைக்கு பேட்டன்ட் வாங்கினாரு, பாதியில நிறுத்தற ஹைட்ரஜனேஷன்ல டிரான்ஸ் உருவாகும், அது எல்டிஎல்லை ஏத்தி எச்டிஎல்லை இறக்கும்னு ரொம்ப லேட்டாதான் தெரிஞ்சுது. டிரான்ஸை தூக்கினதும் அந்த இடத்துக்கு இயற்கையிலேயே பாதி கெட்டியா இருக்கற பாமாயில் வந்து உக்காந்துருச்சு. ரெண்டுல எது தேவலைனு கேட்டா யோசிக்காம பாமாயில்தான், ஆனா போட்டியில டிரான்ஸ் மட்டும்தான் இருந்தா ஜெயிக்கறது பெரிய விஷயம் இல்ல.

சமையலுக்கு எதை எடுக்கறதுனா டபுள் பாண்டை எண்ணுங்க. டபுள் பாண்ட் கூட கூட எண்ணெய் ஆக்சிஜனுக்கு சீக்கிரம் இரையாகும், லினோலிக் ஓலிக்கை விட பத்து மடங்குக்கு மேல வேகமா கெடும், லினோலெனிக் அதையும் விட ஜாஸ்தி. அதனால நீண்ட நேரம் பொரிக்கறதுக்கு ஓலிக் ஜாஸ்தி இருக்கறது நல்லது, ஹை ஓலிக்னு போட்ட சூரியகாந்தி எண்ணெய் கிடைச்சா பாருங்க, சாதா சூரியகாந்தி வேற, அதுல பாலி 60 சதவீதத்துக்கு மேல. ஆளி விதை எண்ணெய்ல பாதிக்கு மேல ஆல்ஃபா லினோலெனிக், அதை அடுப்புல வைக்கவே வைக்காதீங்க, மேல ஊத்தி சாப்பிடுங்க. பாலி ஜாஸ்தி உள்ளதை சின்ன பாட்டிலா வாங்கி, மூடி இறுக்கி, வெளிச்சம் படாம வைங்க, அடுப்புக்கு பக்கத்துல வைக்கறது சுத்த மோசம். பழைய பெயின்ட் மாதிரி வாசனை வந்தா கொட்டிடுங்க.

குழந்தைக்கு பால் பவுடர் பாக்கறவங்களுக்கு ஒரு தனி விஷயம், எத்தனை பாமிட்டிக்ங்கறதை விட எங்க ஒட்டியிருக்குங்கறது முக்கியம். கிளிசரால்ல மூணு இடம் இருக்கு. தாய்ப்பால்ல பாமிட்டிக்ல பெரும்பகுதி நடு இடத்துல இருக்கும், ஜீரண என்சைம் ரெண்டு ஓரத்தையும்தான் வெட்டும், நடுவுல இருக்கறது கிளிசராலோட சேந்தே உள்ள போயிடும். பாமாயில்ல பாமிட்டிக் ஓரத்துல, வெட்டுப்பட்டு தனியா வந்து குடல்ல கால்சியத்தோட சேந்து சோப் மாதிரி ஆகி வெளிய போகும், அதனாலதான் சில குழந்தைங்களுக்கு மலம் கெட்டியாகுது. லேபிள்ல பீட்டா பாமிடேட், இல்ல ஓபிஓனு இருந்தா நடு இடத்துல வெச்சு தயாரிச்சதுனு அர்த்தம். மாத்தறதுக்கு முன்னாடி குழந்தை டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

கடைசியா பாமிடேட்னு முடியற பேருங்க. வைட்டமின் ஏ பாமிடேட், ரெட்டினைல் பாமிடேட்னு பால் பாக்கெட்லயும் மாத்திரையிலயும் இருக்கும், அதை பாத்துட்டு பாமாயில் கலந்துட்டாங்கனு சண்டைக்கு போறவங்க உண்டு. அது வைட்டமின் ஏ, நம்ம கல்லீரலே வைட்டமின் ஏவை பெரும்பாலும் இந்த வடிவத்துலதான் சேமிச்சு வைக்குது, பாக்கெட்ல சேக்கறது மைக்ரோகிராம் கணக்கு, கொழுப்பு கணக்குல அது வரவே வராது. அஸ்கார்பைல் பாமிடேட், ஈ 304னும் போட்டிருப்பாங்க, அது வைட்டமின் சியை எண்ணெய்ல கரையற மாதிரி மாத்தினது, எண்ணெய் கெடாம இருக்க போடறது. சோடியம் பாமிடேட்னு இருந்தா நீங்க கையில வெச்சிருக்கறது சோப்பு கட்டி, அதை இந்த கணக்குலயே சேக்காதீங்க.